பழைய 1080, புதிய 4060

பழைய ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பிரித்தால் உள்ளே ஒரு காலி இடம் தெரியும். விசிறியையும் அலுமினியத் தகடுகளையும் கழற்றி, காய்ந்து பொருக்காகிப்போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்தால் நடுவில் கண்ணாடி போலப் பளபளக்கும் சிப். அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள். அவைதான் நினைவகச் சில்லுகள். எண்ணினால் பதினொன்று வரும். பன்னிரண்டாவதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஈயப் புள்ளிகள்கூட இருக்கின்றன, சில்லு மட்டும் இல்லை.

போன மாதம் அப்படிப் பிரித்து மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் வந்தான். கல்லூரிக்கென்று வாங்கிய புது லேப்டாப் தோள்பையில். அதில் இருப்பது ஆர்.டி.எக்ஸ். 4060. மேசையில் கிடந்த கார்டின் பெயரை ஒருமுறை படித்தான்.

“மாமா, இது 1080. என்னுது 4060. அப்ப நாலு மடங்கு வேகமா?”

சிரிப்பு வந்தது. ஆனால் அவன்மேல் தப்பில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பது அந்த எண்ணைத்தான். அது எதையும் அளந்து வந்த எண் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. முன்னால் வரும் 10, 40 ஆகியவை தலைமுறையைக் குறிக்கின்றன. பின்னால் வரும் 80, 60 ஆகியவை அந்தத் தலைமுறைக்குள் படிநிலை. 1080 டி.ஐ. தன் வரிசையின் உச்சியில் இருந்தது. 2017 மார்ச்சில் 699 டாலர் விலையில் வந்தது. 4060 தன் வரிசையில் நடுவாந்தரம். அதன் லேப்டாப் வடிவம் 2023 தொடக்கத்தில் வந்தது. பழைய ரயிலின் முதல் வகுப்பையும் புது ரயிலின் இரண்டாம் வகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அப்ப எதுதான் பெருசு?” என்றான்.

சிப்பின் அளவைக் கேட்டால் பதில் சுலபம். பழையதன் பரப்பு 471 சதுர மில்லிமீட்டர். சதுரமாக நினைத்துக்கொண்டால் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். புதியது சுமார் 159 சதுர மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பெரியதில் 1,200 கோடி டிரான்சிஸ்டர்கள், சின்னதில் 1,890 கோடி. ஒரு சதுர மில்லிமீட்டர் என்பது சின்னக் கடுகு ஒன்று உட்காரும் இடம். அந்த இடத்தில் முன்பு இரண்டரைக் கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இப்போது ஏறக்குறைய 12 கோடி. இரண்டையும் செய்தது தைவானின் டி.எஸ்.எம்.சி. பழையதற்கு 16 நானோமீட்டர் முறை, புதியதற்கு ‘4 என்’ என்று பெயரிட்ட, 5 நானோமீட்டர் குடும்பத்தைச் சேர்ந்த முறை. இந்த நானோமீட்டர் எண்ணும் இப்போதெல்லாம் வெறும் பெயர்தான். சிப்பில் எதை அளந்தாலும் அந்த நீளம் வராது.

காலி இடத்தின் கதையும் இங்கேதான் வருகிறது. 1080 டி.ஐ.-யில் இருக்கும் சிப்பை முழுமையாக வடிவமைத்தபோது அதில் 3,840 கோர்கள், அதாவது கணக்குப் போடும் உறுப்புகள். இவ்வளவு பெரிய சிப்பில் எங்காவது ஒரு மூலையில் குறை விழாமல் இருப்பது அபூர்வம். குறை விழுந்ததைத் தூக்கி எறிந்தால் நஷ்டம். ஆகவே சில பகுதிகளை நிரந்தரமாக அணைத்துவிட்டு 3,584 கோர்களோடும், நினைவகத்துக்குப் போகும் பன்னிரண்டு வழிகளில் ஒன்றை அடைத்துப் பதினொன்றோடும் விற்றார்கள். 11 ஜி.பி. என்ற அந்த விசித்திரமான அளவு வந்தது இப்படித்தான். 4060 லேப்டாப் சிப் சின்னது என்பதால் முழுதாகவே வருகிறது. அதில் இருக்கும் 3,072 கோர்களும் வேலை செய்கின்றன.

கோர்களின் எண்ணிக்கையைக் கடிகார வேகத்தால் பெருக்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு கணக்கு என்று வைத்தால் காகிதத்தில் ஒரு வேகம் கிடைக்கும். பழையதற்கு விநாடிக்குச் சுமார் 11.3 லட்சம் கோடி கணக்குகள். புதியது உச்ச வேகத்தில் ஓடினால் சுமார் 14.5 லட்சம் கோடி. ஆறு வருட இடைவெளிக்கு இது பிரமாதமான முன்னேற்றமாகத் தெரியாது. ரே டிரேசிங் போன்ற புது உத்திகள் இல்லாத சாதாரண விளையாட்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. விளையாட்டைப் பொறுத்து ஒன்று முந்தும், மற்றது பிந்தும். முன்னேற்றம் இருப்பது வேறிடத்தில். பழைய கார்டு அந்த வேலைக்குக் கேட்பது 250 வாட். புதியது கேட்பது அதிகபட்சம் 115 வாட் அளவில்.

இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

டிரான்சிஸ்டர் ஒரு ஸ்விட்ச். ஒவ்வொரு முறை அது மாறும்போதும் கொஞ்சம் மின்னூட்டத்தை நிரப்பி, பிறகு கொட்ட வேண்டும். ஸ்விட்ச் சின்னதானால் நிரப்ப வேண்டியதும் குறைவு. அது முதல் லாபம். இரண்டாவது லாபம் இதைவிடப் பெரியது. அப்படி நிரப்பிக் கொட்டும் செலவு மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. அதோடு விநாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதையும் பெருக்க வேண்டும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, மின்னழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு இறக்க முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். 0.8 × 0.8 × 0.8, விடை 0.512. வேகம் 20 சதவீதம் குறைந்தது, செலவோ பாதியாகிவிட்டது. சும்மா இருக்கும்போதே கசியும் மின்சாரம் என்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. அது இந்தச் சித்திரத்தைப் பெரிதாக மாற்றாது.

பைக் ஓட்டுபவர்களுக்கு இது புதிதில்லை. ஐம்பதில் போனால் மைலேஜ் கிடைக்கும், தொண்ணூறுக்கு முறுக்கினால் டேங்க் காலியாகும். டெஸ்க்டாப் கார்டு தொண்ணூறில் போகிற வண்டி. சுவரில் பிளக் இருக்கிறது, 600 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறது, கடைசிச் சொட்டு வேகத்தையும் பிழிந்துவிடலாம் என்று ஓட்டுகிறார்கள். லேப்டாப் சிப் ஐம்பதில் போகிற வண்டி. அந்த ஒரு வரிக் கணக்கின் மேல்தான் லேப்டாப் கிராபிக்ஸ் என்ற தொழிலே நிற்கிறது.

ஐம்பதில் போக வைப்பது வெப்பம். சிப்புக்குள் போகும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 250 வாட் என்றால் பத்து சால்டரிங் அயர்னை ஒரே இடத்தில் சொருகி வைத்த மாதிரி. அதை ஊதித் தள்ள டெஸ்க்டாப் கார்டுக்கு ஒரு செங்கல் அளவு உலோகமும், கேபினெட்டுக்குள் காற்றோட்டமும் இருக்கின்றன. லேப்டாப்பில் மொத்த உயரமே இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். அதிலும் பாதிக்கு மேல் கீபோர்டுக்கும் பேட்டரிக்கும் போய்விடுகிறது. பிராசசரும் கிராபிக்ஸும் பெரும்பாலும் ஒரே செப்புக் குழாய்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று சூடானால் மற்றதும் அவதிப்படும்.

நம் ஊர் வெயிலும் இதில் ஒரு கட்சி. சூடு வெளியேறும் வேகம், சிப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப்பை 87 டிகிரிக்கு மேல் போகவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஏ.சி. போட்ட 24 டிகிரி அறையில் வித்தியாசம் 63. மே மாத மதியம், மின்விசிறி மட்டும் ஓடும் 38 டிகிரி அறையில் 49 தான். அதே லேப்டாப், அதே விசிறி. வெளியே தள்ள முடிகிற சூடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. சிப் என்ன செய்யும்? வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு தொடங்கிய கால் மணி நேரத்தில் ஏன் மந்தமாகிறது என்று அக்கா மகன் ஏப்ரலில் கேட்டதற்கு விடை இதுதான்.

இப்போது அந்த 115 வாட்டுக்கு வருவோம். இந்தச் சிப்புகளை வடிவமைத்த என்விடியா தரும் விவரப் பட்டியலில் 4060 லேப்டாப் சிப்புக்கு எதிரே ஒரே எண் இல்லை, ஒரு வரம்பு இருக்கிறது: 35 முதல் 115 வாட் வரை. உச்ச கடிகார வேகமும் அப்படியே, 1,470 மெகாஹெர்ட்ஸ் முதல் 2,370 வரை. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை லேப்டாப் செய்பவர் முடிவு செய்கிறார். மெல்லிசாக, அழகாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர் கீழே நிறுத்துவார். தடிமனான உடலும் பெரிய விசிறியும் வைப்பவர் மேலே நிறுத்துவார். அடிமட்டக் கடிகாரத்தில் கணக்குப் போட்டால் விநாடிக்கு ஒன்பது லட்சம் கோடிதான் வருகிறது. அதாவது 2017-ன் பழைய கார்டுக்குக் கீழே. ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர். ஒரு லேப்டாப்பில் பழையதை முந்துகிறது, இன்னொன்றில் அதற்குப் பின்னால் மூச்சு வாங்குகிறது.

பெயர் வைக்கும் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. முன்பெல்லாம் லேப்டாப் சிப்புக்கு எண்ணுக்குப் பின்னால் ‘எம்’ என்று ஓர் எழுத்து இருக்கும். வாங்குபவருக்கு எச்சரிக்கையாவது கிடைத்தது. 2016-ல் பத்தாம் வரிசை வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். அப்போது அதற்கு நியாயம் இருந்தது. லேப்டாப் 1080-லும் டெஸ்க்டாப் 1080-லும் அதே 2,560 கோர்கள் இருந்தன. பிறகு நியாயம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. டெஸ்க்டாப் 4090-ல் 16,384 கோர்கள், 24 ஜி.பி. நினைவகம், 450 வாட். லேப்டாப் 4090-ல் 9,728 கோர்கள், 16 ஜி.பி. அது உண்மையில் டெஸ்க்டாப் 4080-ன் சிப். பெயரில் ‘லேப்டாப்’ என்று சின்ன எழுத்தில் இருக்கிறதே என்று வாதாடலாம்; விளம்பரப் பலகையில் அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

இனி அந்தப் பதினொரு கறுப்புச் சதுரங்கள். ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கோர்கள் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள். நினைவகம் சமையற்கட்டு. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற பரிமாறுபவர்கள்தான் பஸ் எனப்படுவது. சாப்பிடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சோறு வராமல் என்ன செய்வார்? பழைய கார்டில் ஒவ்வொரு நினைவகச் சில்லுக்கும் 32 கம்பிகள், பதினொன்றுக்கு 352. ஒரு கம்பியில் விநாடிக்கு 1,100 கோடி பிட். பெருக்கி, எட்டால் வகுத்து பைட்டாக்கினால் விநாடிக்கு 484 ஜி.பி. புதியதில் நான்கே சில்லுகள், 128 கம்பிகள், ஒவ்வொன்றிலும் 1,600 கோடி பிட்; மொத்தம் 256 ஜி.பி. பரிமாறுபவர்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் முன்னைவிட வேகமாக ஓடுகிறார்கள். அப்படியும் இலைக்கு வருவது ஏறக்குறைய பாதிதான்.

ஏன் குறைத்தார்கள்? சிப்புக்கு வெளியே தரவை அனுப்புவதற்கு ஆகும் மின்சாரம், உள்ளே கணக்குப் போடுவதற்கு ஆவதைவிடப் பல மடங்கு அதிகம். வாட்டை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் லேப்டாப்புக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் சமையற்கட்டுக்குப் போய்வருவதையே குறைக்க வழி பார்த்தார்கள். பந்தியின் ஓரத்திலேயே ஒரு பெரிய அண்டாவை வைத்துவிட்டார்கள். அதற்குப் பெயர் கேச். பழைய சிப்பில் அது மூன்று மெகாபைட்டுக்கும் குறைவு. புதிய சிப்பில் 32 மெகாபைட். விளையாட்டில் ஒரு காட்சியை வரையும்போது அதே சுவர், அதே புல், அதே முகம் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது. இரண்டாம் முறை கேட்கும்போது அண்டாவிலேயே இருக்கிறது. குறுகலான பஸ்ஸை வைத்துக்கொண்டு புதியது தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

ஆனால் அண்டாவால் சமையற்கட்டைப் பெரிதாக்க முடியாது. பழையதில் 11 ஜி.பி., புதியதில் 8. இப்போதைய பெரிய விளையாட்டுகளில் படத்தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜி.பி. நிரம்பிவிடுகிறது. மிச்சம் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்தில் போய் உட்காரும். அங்கிருந்து விநாடிக்குச் சுமார் 16 ஜி.பி. வேகத்தில்தான் வர முடியும். பந்தி நடக்கும்போது ரசம் தீர்ந்துபோய்த் தெருமுனை ஓட்டலுக்கு ஆள் அனுப்புகிற கதை. விளையாட்டு விக்கி விக்கி ஓடும்.

இதுவரை பழையதற்கு ஆதரவாகவே பேசுவது போலத் தோன்றலாம். ஆனால் பழையதால் எந்தக் காலத்திலும் முடியாத காரியங்கள் உண்டு. ரே டிரேசிங்கில் ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எதில் பட்டுத் தெறிக்கிறது என்று கணக்கிட வேண்டும். காட்சியில் இருக்கும் லட்சக்கணக்கான முக்கோணங்களைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி, கதிர் எந்தப் பெட்டிக்குள் நுழைகிறது என்று தேடிக்கொண்டே போவார்கள். இந்தத் தேடலுக்கென்றே தனி உறுப்பை என்விடியா 2018-ல் வந்த தலைமுறையில் சேர்த்தது. 1080 டி.ஐ.-யில் அது இல்லை. 2019-ல் ஒரு டிரைவர் மூலம் அதையும் சாதாரணக் கோர்களாலேயே செய்யலாம் என்று அனுமதித்தார்கள். படம் நத்தையாக ஊர்ந்ததுதான் மிச்சம். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு அந்த உறுப்பு இல்லாத கார்டுகளைத் தன் தேவைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அணிகளைப் பெருக்குவதற்கென்று இருக்கும் டென்சர் கோர்களும் பழையதில் கிடையாது. இதனால் இழப்பது டி.எல்.எஸ்.எஸ். அது படத்தை 1280-க்கு 720 என்ற சின்ன அளவில் வரைந்து, 1920-க்கு 1080 ஆகப் பெருக்கித் தருகிறது. வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். நான் பார்த்த மட்டில் அசல் எது, பெருக்கியது எது என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. பழைய கார்டுக்கு ஓர் ஆறுதல், போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. 2021-ல் வெளியிட்ட எஃப்.எஸ்.ஆர். அதில் ஓடுகிறது. போட்டியாளர் கைகொடுத்தது வேடிக்கைதான்.

நாற்பதாம் வரிசையில் இரண்டு காட்சிகளுக்கு நடுவே மூன்றாவதைக் கற்பனையாகச் செருகும் வசதியும் உண்டு. அதைச் சேர்த்து எண்ணி “இரண்டு மடங்கு வேகம்” என்று போடும் விளம்பரத்தை நான் நம்புவதில்லை. செருகிய காட்சியில் உங்கள் விரல் அசைவுக்குப் பதில் இருக்காது.

அக்கா மகனின் இன்னொரு கேள்விக்குக் கிடைத்த விடை என்னையே கொஞ்சம் ஆச்சரியப்படுத்தியது. கேள்விக்குப் பதில் எழுதித் தரும் ஏ.ஐ. மொழி மாதிரி ஒன்றை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு எது நல்லது என்றான். பதில் எழுதும்போது அந்த மொழி மாதிரி, ஒவ்வொரு சொல்துண்டுக்கும் தன் எடைகள் (அது கற்றுவைத்திருக்கும் எண்கள்) முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படிக்க வேண்டும். 6 ஜி.பி. மாதிரி என்றால் ஒரு துண்டுக்கு 6 ஜி.பி. இங்கே அண்டா உதவாது. எல்லா எடையும் ஒரு சுற்றுக்கு ஒரே முறைதான் தேவை, அடுத்த சுற்றுக்குள் அண்டாவில் இருந்தது வழிந்து போயிருக்கும். 484-ஐ ஆறால் வகுத்தால் விநாடிக்கு 80 துண்டுகள். 256-ஐ வகுத்தால் 42. இவை உச்ச வரம்புகள்தான், நிஜத்தில் குறையும். ஆனாலும் எழுதும் வேலையில் பழைய கார்டின் கை ஓங்க இடமிருக்கிறது, 8 ஜி.பி.-க்குள் அடங்காத மாதிரியையும் அது தாங்கும். நீளமான கேள்வியைப் படித்து உள்வாங்கும் வேலையில் டென்சர் கோர்கள் புகுந்து ஆட்டத்தை மாற்றிவிடும். அதில் புதியதே ஜெயிக்கும்.

மின்கட்டணத்தையும் பார்த்துவிடலாம். தினமும் மூன்று மணி நேரம், 60 நாள். 250 வாட் கார்டு 45 யூனிட் தின்னும்; 100 வாட்டில் ஓடும் லேப்டாப் சிப் 18 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 27 யூனிட் வித்தியாசம். லேப்டாப் என்பதால் பிளக் இல்லாமலும் விளையாடலாம் என்று மட்டும் கனவு காண வேண்டாம். விமானத்தில் தடையில்லாமல் கொண்டுபோக 100 வாட்-மணி என்பது பேட்டரிக்கு வரம்பு. பெரிய லேப்டாப்களும் அதைத் தாண்டுவதில்லை. கிராபிக்ஸ் மட்டுமே 100 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம்கூட வராது. அதனால் பிளக்கைப் பிடுங்கியதும் சிப் தானாகவே வெகுவாக அடங்கிவிடும்.

அன்று மாலை புது பேஸ்ட் தடவிக் கார்டை மறுபடி பூட்டினோம். கடைசி ஸ்குரூவை அவன்தான் முறுக்கினான். அவனுடைய சிப்பை இப்படிக் கழற்ற முடியாது. மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. அந்த லேப்டாப்பின் ஆயுள்தான் அதன் ஆயுள்.

கையில் 1080 டி.ஐ. வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: விற்க அவசரப்படாதீர்கள். விளையாட்டுகளுக்கான புது டிரைவர்கள் அதற்கு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி ஓட்டலாம். புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடையில் எண்ணைக் கேட்காதீர்கள். “இதில் கிராபிக்ஸுக்கு எத்தனை வாட்?” என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் அந்த மாடலின் விவரப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் வாட் எழுதியிருந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.